பக்கோடாவைக் கூப்பிடுதல்

கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிக்கும் முன்பே விரல்கள் கொக்கியைக் கழற்றிவிட்டன. அவனுக்கு இன்னும் தெரியவில்லை. கயிறு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு என் காலோடு ஒட்டி நின்று மைதானத்தை மோந்துகொண்டிருக்கிறான். பாவம், முட்டாள் பையன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, புல்லெல்லாம் ஈரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் கோகோ ஆடுகிறார்கள், பி.டி. மாஸ்டர் மூச்சுக்கு ஒரு தடவை விசில் ஊதுகிறார். கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே அந்தத் தெருநாய்களும் இருக்கின்றன. காது கிழிந்த வெள்ளை, எல்லாருக்கும் தலைவியான கறுப்பி, எப்போதும் சொறிந்துகொண்டே இருக்கிற செவலை, இன்னும் ரெண்டு மூணு. இன்னும் எங்களைப் பார்க்கவில்லை. அதுகளுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிற இடம், சுவருக்கு அந்தப் பக்கம் பைபாஸ். லாரிச் சத்தம் ஓயாமல் கேட்கிறது, பக்கத்தில் யாரோ துணி கிழித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. பக்கோடா. அவன் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கோடா, பக்கோடா, பக்கோடா. எவ்வளவு சுளுவாக வருகிறது. மனசுக்குள் நான் ஒரு நாள்கூடத் திக்கியதில்லை, நாற்பத்து மூணு வயசுக்கு இது பெரிய சாதனைதான், யாருக்கும் தெரியாத சாதனை. வாய்க்கு வரும்போதுதான் உதடு ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘க’வில் கொஞ்சம் இடறுவேன், ‘த’வில் நாளைப் பொறுத்து. ‘ப’ என்றால் போச்சு. உள்ளே காற்று முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். திறந்து பார்த்தால் எதிரில் நிற்கிறவர் முகத்தில் அந்த இரக்கம், இல்லாவிட்டால் சிரிப்பை முழுங்குகிற அந்தக் கன்னம். இப்படிப்பட்டவளுக்கு அப்பா வைத்த பேர் பூங்கொடி. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து இது எந்த எழுத்தில் இடறும் என்று யாருக்குத் தெரியும்.

அதனால்தான் என் பையனுக்குப் பேர் வைக்கும்போது நான் பிடிவாதமாக இருந்தேன். இனியன். வாயைத் திறந்தால் போதும், தானாக வழுக்கி வந்துவிடும். வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வேண்டிய அவசியம் இந்த ஊர்ப்பக்கம் எந்தப் பொம்பளைக்கும் இல்லை, ஏனுங்க என்றால் போதும், அது என் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் சுற்றுவழிதான். பஸ்ஸில் பவானிக்கு டிக்கெட் கேட்க முடியாமல் அதைத் தாண்டி இருக்கிற அந்தியூருக்கு வாங்கி, பவானியிலேயே இறங்கியிருக்கிறேன். ஓட்டலில் பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு இட்லி சாப்பிட்டிருக்கிறேன், எத்தனை இட்லி, ஒரு ஆயுசுக்கான இட்லி. கல்யாணத்துக்கு முன்னால் தறி ஓட்டினேனே, அதுதான் எனக்கு வாய்த்த சொர்க்கம். தறிக் குடோனுக்குள் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லாரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள், தண்ணி வேணுமா, நூல் அறுந்துபோச்சு, ஓனர் வர்றார், எல்லாம் கை. அங்கே எல்லாரும் என்னைப் போல. இப்போது பெட்ஷீட் கம்பெனியில் மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, அதற்கும் பேச்சு வேண்டாம். இப்படிச் சுற்றிச் சுற்றி, ஒரு மாதிரி, வாழ்ந்துவிட்டேன். பிறகு இனியன் லீவுக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டில் அவன் தின்றுகொண்டிருந்த பக்கோடாப் பொட்டலத்தைப் பிடுங்கி, காகிதத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டு, அவன் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது ஒரு குட்டி. ஓரமெல்லாம் கருகினாற்போல பழுப்பு நிறம். ‘அம்மா, இவன் பேரு பக்கோடா’ என்றான். சொல்லி ரெண்டு நாள் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் கையை நிறுத்திவிட்டு, முகம் செத்துப்போய், ‘அம்மா... பேரை மாத்தீரலாமா?’ என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் அந்தக் குட்டி அந்தப் பேருக்குத் தலையைத் தூக்க ஆரம்பித்திருந்தது. தலையைத் தூக்கி, ஒரு காதை மட்டும் மடித்து, என்னையா என்று பார்க்கும். அந்தப் பார்வையை எப்படித் திருப்பிப் பிடுங்கிக்கொள்வது?

இப்போதும் ஒரு காது மடிந்துதான் இருக்கிறது. ஈரல் வாசனை பிடித்துவிட்டான். அவித்த கோழி ஈரலைப் பொடியாக நறுக்கிச் சுடிதார்ப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், என் விரலெல்லாம் அந்த வாடை, ராத்திரி சோறு பிசையும்போதுகூட இருக்கும். போனில் வீடியோ போடுகிற ஆள் ஒருத்தர் சொன்ன வித்தை. நல்ல மனுசர், குரல் மணி மாதிரி. ‘நாயை எப்பவும் சந்தோசமாக் கூப்பிடுங்க. பேரை ஒரே ஒரு தடவைதான் சொல்லோணும். திருப்பித் திருப்பிச் சொன்னா அந்தச் சொல்லுக்கு மரியாதை போயிரும். பத்து தடவை சொன்னீங்கன்னா பத்தாவது தடவைக்குத்தான் வரும்’ என்றார். நான் போனை அணைத்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன். ஒரே ஒரு தடவை! ஒரு தடவை சொல்வதற்குள் எனக்குப் பத்து ‘ப்’ போய்விடுமே ஐயா. விசில் வாங்கினேன். வீட்டில் நன்றாக வந்தான். இங்கே வந்தால் மாஸ்டர் விசிலுக்கும் என் விசிலுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை, ரெண்டுக்குமே வருவதில்லை. கை தட்டினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் தூரமாக ஓடுகிறான். கையை ஆட்டினால் பார்க்க வேண்டுமே, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அல்லவா நிற்பான். இனியன் போனில் ‘பாட்டாப் பாடிக் கூப்பிடும்மா, பாடும்போது உனக்குத் திக்காதே’ என்றான். அதுவும் நிசம்தான். மொட்டை மாடியில் நின்று ராகமாக இழுத்தேன், பக்கோடாஆஆ என்று, ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. அவன் ஓடி வரவில்லை, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மூஞ்சியை வானத்துக்குத் தூக்கி என்னோடு சேர்ந்து பாடினான். கீழே நின்ற என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும்தான். போன வாரம் அவர் சிரிக்கவில்லை. போன வாரம் கயிறு கையை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பி ஒரு குரல் கொடுத்தாள், அவ்வளவுதான், இவன் கயிற்றையும் இழுத்துக்கொண்டு அதுகளோடு சேர்ந்து சுவர் இடிசலைத் தாண்டிவிட்டான். நான் வாயைத் திறந்தேன். இல்லை, திறக்கவில்லை, திறக்க வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது, சத்தமே இல்லாத ‘ப்’, அதுதான் எனக்கு இருக்கிறதிலேயே மோசமானது, பயந்தால் வருவது, மறைக்கப் பார்த்தால் வருவது. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவள் மாதிரி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரேக் சத்தம். ஒரு ஸ்கூட்டர்க்காரர் கீழே கிடந்தார், முழங்கை சிராய்த்துப்போய். நாயும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். வீட்டுக்காரர்தான் ஓடி வந்து அவரைக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு விட்டார்.

‘ஏம்புள்ள, நாஞ் சொல்றதைக் கேளு’ என்றார் அன்றைக்கு ராத்திரி. பக்கோடா அவர் கால்மாட்டில்தான் படுத்திருந்தான், அவர் கை அவன் தலையில்தான் இருந்தது. ‘இன்னொருக்கா ஓடுனா லாரிலதான் மாட்டும். இல்லாட்டி எவனாச்சும் வண்டியில இருந்து உழுந்து மண்டையப் போட்டுருவான். நீ தாங்குவியா? அண்ணன் அடுத்த வாரம் செவ்வாக்கெழம மஞ்சள் ஏத்திக்கிட்டு டெம்போல வர்றாரு. திரும்பிப் போறப்ப ஏத்தி உட்றலாம். தோட்டத்துல கட்டிப் போட்டா நல்லாத் தின்னுபோட்டுக் கெடக்கும்.’ கட்டிப் போட்டால். அவருடைய அண்ணன் தோட்டத்து நாய்களைப் பார்த்திருக்கிறேன். சோற்றுக்குக் குறைவில்லை. தென்னை மரத்தைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்த மண், அதுதான் அதுகளின் உலகம். ‘ஞாயித்துக்கெழமை...’ என்று ஆரம்பித்தேன். ‘அவுத்து உட்டுப் பாக்கறேங்கிறியா?’ என்று அவரே முடித்தார். அந்தத் தடவை சரியாகத்தான் முடித்தார். எப்போதும் சரியாக முடிப்பார் என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ப் என்று நான் தொடங்கினால் பாய் என்று பாயை எடுத்து விரிப்பார், நான் கேட்டது பாலாக இருக்கும். விரித்த பாய்க்கு மரியாதை கொடுத்துப் படுத்துவிடுவேன், தலைவலியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல். பிறகு உண்மை தெரிந்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் அன்றைக்குக் ‘கூப்பிட்டா வருமா?’ என்று கேட்டார் பாருங்கள், அதில் சிரிப்பு இல்லை. கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவர் கேட்க வந்தது நாய் வருமா என்று அல்ல. உனக்குக் கூப்பிட வருமா.

‘என்னம்மா, இன்னிக்குக் கவுறு கையில சுத்தியிருக்குது, நாயி அது பாட்டுக்கு நிக்குது?’ லோகநாதன் சார். தினமும் மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர், மின்வாரியத்தில் இருக்கிறார், வெள்ளை ஷூ, பெரிய குரல். நல்ல மனசு. அதுதான் சங்கடம், கெட்டவராக இருந்தால் பதில் சொல்லாமல் போய்விடலாம். பயமாத்தானுங்க இருக்குது என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ப்...’ ‘பழக்கறீங்களா? பழக்கோணும், பழக்கோணும்’ என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்தவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டித்தான் பாதி ஊர் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த பூங்கொடிக்கு இட்லி பிடிக்கும், அந்தியூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பயமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடும்போது எழுந்து நின்று பிரசென்ட் மிஸ் என்று சொல்ல வேண்டும், அங்கேயும் அந்தப் பாழாய்ப்போன ‘ப’. நான் எழுந்து நிற்பேன், உதட்டை மூடிக்கொண்டு நிற்பேன், டீச்சர் குனிந்தபடியே அடுத்த பேருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் வராத பிள்ளையாக இருந்தேன். இதை ஏன் இப்போது நினைக்கிறேன், நாயைப் பார், நாயைப் பார். காது நிமிர்ந்துவிட்டது. ரெண்டு காதும். கறுப்பி எழுந்து சோம்பல் முறித்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். வேண்டாம் சாமி, அவளைப் பார்க்காதே, என்னைப் பார், ஈரலைப் பார். ஒரு அடி வைத்தான். கயிறு இழுக்கும் என்று எதிர்பார்த்து நின்றான். இழுக்கவில்லை. இன்னொரு அடி. திரும்பி என் கையைப் பார்த்தான், சுருட்டின கயிற்றைப் பார்த்தான், பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. அந்தச் சந்தோசத்தை நான் என்னவென்று சொல்வேன். முதுகை வில்லாக வளைத்து, வாலைக் காலுக்குள் இடுக்கி, மைதானத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டான். ஈரப் புல் தெறித்தது. எனக்குப் பயத்துக்கு நடுவில் சிரிப்பு வந்தது. இவ்வளவு வேகம் இந்த உடம்பில் இருந்ததா, இத்தனை நாளும் அதையா நான் கயிற்றில் பிடித்து வைத்திருந்தேன். வட்டத்தின் பாதியிலேயே அவன் கறுப்பியைப் பார்த்துவிட்டான். நேராகப் போனான். மோந்தார்கள், குதித்தார்கள், வெள்ளை ஒரு தடவை உறுமியது, இவன் மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டிச் சமாதானம் ஆனான். எல்லாம் நல்லபடிதான் இருந்தது. பிறகு கறுப்பிக்கு என்ன தோன்றியதோ, சுவர் இடிசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கிளம்பின. கடைசியில் இவன், வாலை ஆட்டிக்கொண்டு.

‘டேய் பக்கோடா!’ லோகநாதன் சார்தான். எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு முழுசாக அவருக்கு வருகிறது, மைதானமே அதிர்ந்தது. ‘பக்கோடா! இங்க வாடா! டேய்!’ கோகோப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் காது அசையவில்லை. ‘இவனென்ன செவுடனா?’ என்றார் சார். கூப்பிடு. நீ கூப்பிடு, பூங்கொடி. உதடு மூடிக்கொண்டது. அதே சத்தமில்லாத ‘ப்’. காற்று உள்ளே நின்றுவிட்டது, நெஞ்சு, கழுத்து, கன்னம், காது வரைக்கும். பைபாஸில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் பாதித் தூரம் போய்விட்டான். ஏன் வரமாட்டேன் என்கிறது, வீட்டில் வருகிறதே, வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன், அடுப்படியில் இருந்து, மாடிப்படியில் இருந்து, குளியலறைக்குள் இருந்துகூட. வீட்டில் வரவில்லையே, வீட்டில் மட்டும் எங்கே வருகிறது, வீட்டிலும் திக்கத்தான் செய்கிறேன். வீட்டில் திக்குவேன், சத்தமாக, அசிங்கமாக, ப் ப் ப் என்று பிரஷர் குக்கர் மாதிரி, யார் பார்க்கிறார்கள் அங்கே. இங்கேதான் முழுங்குகிறேன். இங்கே சார் நிற்கிறார், மாஸ்டர் நிற்கிறார், பிள்ளைகள் நிற்கிறார்கள், அதனால் உதட்டைப் பூட்டிக்கொண்டு, முழுப் பேரும் ஒரே துண்டாக வெளியே வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். அது வராது. நாற்பத்து மூணு வருசத்தில் அது வந்ததில்லை, இந்த நிமிசத்தில் வந்துவிடப் போகிறதா. ஒரே ஒரு தடவை, சந்தோசமா. இல்லை ஐயா, எனக்கு அப்படி இல்லை. எனக்கு எப்படி வருமோ அப்படித்தான். நான் கண்ணை மூடவில்லை. உதட்டைத் திறந்துவிட்டேன், பூட்டை விட்டேன், உள்ளே முட்டிக்கொண்டிருந்தது என்னவோ அதை அப்படியே மைதானத்தில் போட்டேன். ‘ப். ப். ப்ப். ப்.’ எவ்வளவு பெரிய சத்தம். எனக்கே தெரியாது எனக்குள் இவ்வளவு பெரிய ப் இருக்கிறது என்று. பிள்ளைகளின் ஆட்டம் நின்றது. லோகநாதன் சார் என்னிடம் ஒரு எட்டு வைத்து, ‘பக்...’ என்று ஆரம்பித்தார். நான் கையை நீட்டினேன், தறிக் குடோனில் நிறுத்து என்று காட்டுவோமே, அந்தக் கை. ‘இருங்க’ என்றேன். ‘ப். ப்ப். ப்.’

அவன் நின்றான். கறுப்பி இடிசலைத் தாண்டிவிட்டாள், வெள்ளை தாண்டிவிட்டது, அவன் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றான். ஒரு காது மடிந்தது. திரும்பினான். நாக்கு தொங்க, கண் முழுக்க நான், வயிறு தரையில் படுகிற மாதிரி அப்படி ஒரு ஓட்டம், கோகோப் பிள்ளைகளின் வரிசைக்கு நடுவில் புகுந்து, மாஸ்டரைச் சுற்றி, சாரின் வெள்ளை ஷூவில் சேற்றை அடித்து, என் முன்னால் வந்து சறுக்கி உட்கார்ந்தான். ‘ப். ப்.’ நான் இன்னும் முடிக்கவில்லை. அவனுக்கு அது அவசரம் இல்லை. மூச்சு இரைக்க, என் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இரக்கம் இல்லாமல், சிரிப்பு இல்லாமல், அடுத்து வரப்போகிறது வரட்டும் என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் நான் பேரை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஈரல் கொடுப்பேன், அந்த வீடியோக்காரர் அப்படித்தான் கொடுக்கச் சொன்னார். ஆக, இவன் கற்றுக்கொண்டது இதுதான்: ப் என்று கேட்டால் ஓடு, போய் உட்கார், அவள் முடிக்கிற வரைக்கும் இரு. இவன் பேரே அதுதானோ என்னவோ. பக்கோடா என்று ஊரெல்லாம் கூப்பிடுகிற அந்த வழவழப்பான சொல் இவனுக்கு யாரோ. என் வாயிலிருந்து உடைந்து உடைந்து வருகிறது பார், அதுதான் இவன். ‘ப்... பக்கோடா’ என்றேன். வந்துவிட்டது. ஈரலைக் கொடுத்தேன், ஒரு துண்டு இல்லை, கைநிறைய. விரலிடுக்கெல்லாம் நக்கினான். அழுகிறேனா என்று தொட்டுப் பார்த்தேன், கன்னத்தில் ஈரல்தான் ஒட்டியது. ‘அட!’ என்றார் லோகநாதன் சார். ‘நான் கத்துனதுக்கு வல்லீங்களே!’ ‘என்னை மட்டும்தானுங்க தெரியும் அவனுக்கு’ என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் அது பாட்டுக்கு வந்தது, வருகிறபோது வரும்.

இப்போது கயிற்றை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். வீட்டுக்காரரிடம் சொல்லலாம், டெம்போவில் மஞ்சள் மூட்டைக்குத்தான் இடம், நாய்க்கு இல்லை என்று. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர் நடுவில் முடிக்கக் கூடாது, நானே முடிப்பேன். கொக்கியைக் கையில் எடுத்தேன். கழுத்துப்பட்டைக்குக் கொண்டுபோனேன். அவன் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் சுவர்ப் பக்கம் பார்த்தான். கறுப்பி இந்தப் பக்கமே திரும்பி வந்திருந்தாள், இடிசல் கல்லின் மேல் நின்று, என்ன ஆச்சு இவனுக்கு என்று பார்த்தாள். வந்ததும் பிடித்துக் கட்டினால் அடுத்த தடவை எதற்கு வருவான்? நானாக இருந்தால் வருவேனா? கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், ஒரே ஒரு எழுத்து, அதுவும் ‘ப’ வர்க்கத்தில். ‘ப்.’ அவன் இன்னும் நெருங்கி என் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டான். ‘ப். ப்ப்.’ எனக்குச் சிரிப்பு முட்டியது. இது வேற ப்புடா மகனே, வரச்சொல்கிற ப் இல்லை, இது போகச் சொல்கிற ப். லோகநாதன் சார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அந்தச் சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது, பாவம், முகமெல்லாம் சிவந்துவிட்டது, ஆனாலும் சொல்லவில்லை. பக்கோடாவின் பின்னங்கால்கள் நடுங்கின, வால் தரையைப் பெருக்கியது, கண் மட்டும் என் உதட்டைவிட்டு நகரவில்லை. அவசரமில்லை. லாரிகள் போகட்டும், விசில் ஊதட்டும், கறுப்பி காத்திருக்கட்டும். வெயில் லேசாக ஏறி ஈரப் புல்லிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

‘ப்... ப்... போ’ என்றேன். அவன் ஓடினான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது திரும்பக் கூப்பிடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது.